சமுதாய சுகாதாரத்தில் முனைவர் பட்டம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பகுதிநேரமாகப் படித்து, ஒருவழியாக ஆய்வேட்டைக் கொடுத்து முடித்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு தொலைபேசி அழைப்பாவது வந்துவிடுகிறது. யாரோ ஒரு நண்பரின் தங்கை, யாரோ ஒருவரின் பழைய மாணவர். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வைப் பற்றி ஒரே பதிலை எத்தனையாவது முறையாகவோ சொல்லிவிட்டு வைத்த ஒரு ஞாயிறன்று இதை எழுத உட்கார்ந்தேன்.

கீழே உள்ளவை இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கானவை. அடிப்படை, பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட விதிமுறைகள். அவை குறைந்தபட்ச வரம்புகள்தாம். அதற்கு மேல் கூட்டிக்கொள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் உரிமை உண்டு. ஆகவே விண்ணப்பிக்கும் இடத்தின் கையேட்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சமுதாய சுகாதாரம், பொது சுகாதாரம், சமுதாய மருத்துவம் எல்லாம் ஒன்றுதானே?

பங்காளிகள், ஆனால் தனித்தனி வீடு. சமுதாய மருத்துவம் என்பது மருத்துவக் கல்லூரியில் உள்ள ஒரு துறை. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் அதில் எம்.டி. படிக்கிறார்கள். பொது சுகாதாரம் சட்டம், நிர்வாகம், குடிநீர், தடுப்பூசி என்று அரசாங்கத்தின் கையோடு சேர்ந்து வளர்ந்தது. சென்னை மாகாணம் 1939-லேயே அதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. சமுதாய சுகாதாரம் என்று சொல்லும்போது அழுத்தம் மக்களின் வாழ்நிலையின் மேல் விழுகிறது: யாருக்கு நோய் வருகிறது, ஏன் அவர்களுக்கே வருகிறது, அவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள்.

ஆய்வு என்று வந்துவிட்டால் இந்த எல்லைகள் பெரிதாக உறுத்துவதில்லை. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மையம் 'சமூக மருத்துவமும் சமுதாய சுகாதாரமும்' என்ற பெயரில் இயங்குகிறது. நெட் தேர்விலும் அதே பெயரில் ஒரு பாடம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் இதே வகை ஆய்வுகளுக்குப் பெயர் பெற்றது. பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகும் என்பதை மட்டும் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னாளில் வேலைக்கு மனுப் போடும்போது 'தொடர்புடைய பாடம்' என்ற ஒரு வரியில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

நான் சமூகப்பணி படித்தவள். டாக்டருக்குப் படிக்காமல் இதில் சேர முடியுமா?

முடியும். இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும். நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் முடித்தவர்கள் 75 சதவீதம் இருந்தால் முதுநிலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. எந்தெந்த முதுநிலைப் பாடங்களை ஏற்பது என்பதைப் பல்கலைக்கழகம் முடிவு செய்கிறது. நர்ஸிங், சமூகப்பணி, புள்ளியியல், மானுடவியல், ஊட்டச்சத்து, பல் மருத்துவம் என்று பல திசைகளிலிருந்தும் வந்தவர்களை நான் ஒரே வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை வீட்டிலும் சொல்லிவிடுங்கள். பட்டம் வாங்கியதும் பெயருக்கு முன்னால் 'முனைவர்' போட்டுக்கொள்ளலாம். மருந்துச் சீட்டு எழுதும் உரிமை வராது. என் பெரியப்பா இன்னமும் தன் முழங்கால் வலிக்கு என்னிடம்தான் மாத்திரை கேட்கிறார்.

நெட் எழுதாமல் சேர வழி இருக்கிறதா?

விதிமுறை இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. நெட், ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) போன்ற தேசியத் தேர்வு மதிப்பெண்ணோடு நேர்காணல் ஒரு வழி. பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வு இன்னொரு வழி. அந்த நுழைவுத் தேர்வில் பாதிக் கேள்விகள் ஆய்வு முறையியல், மீதிப் பாதி பாடம். 50 சதவீதம் எடுத்தால் நேர்காணலுக்கு அழைப்பார்கள். தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கிட்டு இடம் தருவார்கள்.

2024-லிருந்து நெட் முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன. முதல் வகைக்கு உதவித்தொகையும் உண்டு, உதவிப் பேராசிரியர் தகுதியும் உண்டு. இரண்டாவதில் உதவித்தொகை இல்லை. மூன்றாவது வகை பி.எச்.டி. சேர்க்கைக்கு மட்டும். பின்னிரண்டு வகையினரின் மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். எழுத முடிந்தால் எழுதுங்கள் என்பதே என் அபிப்பிராயம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. களப்பணிக்குப் பஸ் செலவு, உதவியாளர் கூலி, வினாத்தாள் அச்சு என்று கைப்பணம் கரைவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எத்தனை வருடம் ஆகும்? வேலையை விட வேண்டுமா?

குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேல் இரண்டு ஆண்டு, ஆக மொத்தம் பத்து வரை நீளலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. இதைக் கேட்கத் தயங்கிப் படிப்பையே நிறுத்திய இரண்டு பேரை எனக்குத் தெரியும். இது சலுகை அன்று, விதியில் உள்ள உரிமை.

பகுதிநேரமாகச் செய்ய வேலையை விட வேண்டாம். அலுவலகத்தின் தடையில்லாச் சான்றிதழ் வேண்டும். ஆனால் தொலைநிலைக் கல்வியிலோ முழுக்க இணையவழியிலோ முனைவர் பட்டம் செல்லாது. 'வீட்டிலிருந்தபடியே பி.எச்.டி.' என்று விளம்பரம் வந்தால் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கு முன்னால் கோர்ஸ் ஒர்க் என்று வகுப்புகள் உண்டு என்கிறார்களே, அதில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

குறைந்தது 12 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு ஏறக்குறைய 15 மணி நேர வகுப்பு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 180 மணி நேரம். சில பல்கலைக்கழகங்களில் ஒரே பருவத்தில் முடிந்துவிடும். 55 சதவீதம் எடுக்காவிட்டால் மேலே தொடர முடியாது.

கட்டாயமானது, ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் என்ற 2 கிரெடிட் பாடம். 2019-இன் இறுதியில் எல்லாத் துறைகளுக்கும் கொண்டுவரப்பட்டது. ஆய்வு முறையியல் எங்கும் உண்டு. மற்றவை துறைக்குத் தக்கபடி: நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், பண்புசார் ஆய்வு முறைகள், சுகாதாரக் கொள்கையும் நிர்வாகமும், நடத்தை அறிவியல். கடைசித் தாள் பெரும்பாலும் உங்கள் தலைப்பையொட்டி நெறியாளரே வகுத்துத் தருவதாக இருக்கும். ஸ்வயம் என்ற அரசு இணையக் கல்வித் தளத்தில் உள்ள பாடங்களையும், உங்கள் முன்னேற்றத்தைப் பார்க்கும் ஆய்வு ஆலோசனைக் குழு பரிந்துரைத்தால் கணக்கில் சேர்க்கலாம். இவை தவிர வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வகுப்பெடுக்கவோ விடைத்தாள் திருத்தவோ உதவும் வேலையும் தரப்படலாம்.

பலரும் இந்தப் பருவத்தை ஒரு தடை ஓட்டமாக நினைத்துத் தாண்டிக் குதிக்கிறார்கள். அங்கேதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. நோய்ப்பரவலியல் வகுப்பில் ஆய்வு வடிவமைப்பு ஒன்றை எழுதச் சொன்னால் உங்கள் தலைப்பின் வடிவமைப்பையே எழுதுங்கள். பண்புசார் முறைகள் வகுப்பில் ஒரு நேர்காணல் எடுத்துவரச் சொன்னால், நாளை ஆய்வுக்குப் போகப்போகும் ஊரிலேயே எடுங்கள். நெறிமுறைத் தாளில் ஒப்புதல் படிவத்தின் வரைவை எழுதிக் காட்டித் திருத்தி வாங்குங்கள். என்னோடு படித்த செவிலியர் ஒருவர் இப்படித்தான் செய்தார். பருவம் முடியும்போது அவர் கையில் நான்கு ஒப்படைப்புகள் இருந்தன. அவற்றைக் கோத்தால் ஆய்வு முன்மொழிவில் முக்கால் பங்கு தேறியது. நான் புத்திசாலித்தனமாக வேறு வேறு தலைப்புகளில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். பிறகு முன்மொழிவுக்கென்று தனியாக எட்டு மாதம் செலவழித்தேன்.

புள்ளியியல் என்றாலே கை நடுங்குகிறது. கணக்குத் தெரியாமல் தப்பிக்க முடியுமா?

தப்பிக்க முடியாது, ஆனால் நடுங்குகிற அளவுக்கும் இல்லை. எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது மாதிரி அளவில்தான், அதாவது எத்தனை பேரைப் பார்ப்பது என்பதில்தான். ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எத்தனை பேருக்கு இரத்தசோகை என்று அறிய வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் இது சுமார் 53 சதவீதம். அப்படியானால் இல்லாதவர்கள் 47. இரண்டையும் பெருக்கி, 4-ஆல் பெருக்கினால் 9,964. உங்கள் விடை ஐந்து புள்ளி முன்பின் இருந்தால் பரவாயில்லை என்றால் 5-இன் வர்க்கமான 25-ஆல் வகுங்கள்: 399 பேர்.

இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். நீங்கள் வட்டாரம் முழுவதும் சீட்டுப் போட்டு ஆளெடுக்கப் போவதில்லை. முப்பது ஊர்களைத் தேர்ந்தெடுத்து ஊருக்குச் சிலரைப் பார்ப்பீர்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தண்ணீரைக் குடித்து ஒரே கடையில் அரிசி வாங்குகிறவர்கள். ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். அதற்கு ஈடாக இரண்டால் பெருக்கினால் 798. பத்தில் ஒருவர் வீட்டில் இல்லாமலோ மறுத்தோ போனால் ஈடுகட்ட 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 887. துல்லியம் ஐந்து போதாது, மூன்று வேண்டும் என்று ஆலோசனைக் குழுவில் யாராவது சொன்னால் தொடக்க எண்ணே 1,108 ஆகிவிடும். ஒற்றை இலக்க மாற்றம் உங்கள் களப்பணியைப் பல மாதம் நீட்டுவதைப் பாருங்கள். சூத்திரத்தை மென்பொருள் போட்டுவிடும். 4 எங்கிருந்து வந்தது, 2 ஏன் என்று வாய்மொழித் தேர்வில் உங்களைத்தான் கேட்பார்கள்.

எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலை) படிப்பில் இதையெல்லாம் படித்துவிட்டேனே, மறுபடியும் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். எம்.பி.எச். முதுநிலைப் பட்டம், முனைவர் படிப்புக்கான கிரெடிட் வேறு கணக்கு. ஆனால் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. பாடம் தெரிந்திருப்பதால் மேலே சொன்ன ஒப்படைப்பு உத்தியை முழுசாகப் பயன்படுத்தலாம்.

நெறியாளரை எப்படிப் பிடிப்பது?

ஒரு பேராசிரியர் எட்டு பேர் வரை, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரை வைத்துக்கொள்ளலாம். பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது. ஆக, பெரிய பெயரைத் தேடி ஓடுவதற்கு முன்னால் இடம் காலியா, ஓய்வு எப்போது என்று பாருங்கள்.

அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர் ஒருவரைத் தேநீருக்கு அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்?" அந்தப் பதிலுக்கு முன்னால் வரும் மௌனத்தின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நெறியாளர் தவிர ஆய்வு ஆலோசனைக் குழு ஒன்று இருக்கும்; ஒவ்வொரு பருவமும் அதன் முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். புள்ளியியல் தெரிந்த ஒருவர் அதில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

வெறும் கேள்வி கேட்கத்தானே போகிறேன், ஊசியா போடுகிறேன்? இதற்கு எதற்கு நெறிமுறைக் குழு அனுமதி?

கேள்வியும் காயப்படுத்தும். குடிப்பழக்கம், கருக்கலைப்பு, காசநோய் என்று எதைக் கேட்டாலும் அடுத்த வீட்டுக்குத் தெரிந்தால் ஒருவரின் வாழ்க்கை தடம் புரளக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் மனிதர்களை உட்படுத்தும் எல்லாச் சுகாதார ஆய்வுக்கும் பொருந்தும். குழுவில் 7 முதல் 15 பேர். தலைவர் வெளியிலிருந்து வந்தவர். மருத்துவமே தெரியாத சாமானியர் ஒருவரும் இருப்பார். என் முன்மொழிவில் மருத்துவர்கள் யாரும் கவனிக்காத ஒன்றை அந்தச் சாமானியர்தான் பிடித்தார். "பகலில் போனால் கூலிக்குப் போகிறவர்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்களே, அப்புறம் யாரைக் கேட்பீர்கள்?" என்றார்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் வேண்டும்: 12 முதல் 18 வரை எழுத்தில், 7 முதல் 12 வரை வாய்மொழியாக. ஏதேனும் சிகிச்சையையோ பயிற்சியையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவகத்தில் பதிய வேண்டும்.

இதோடு முடியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தகவல் எடுக்கப் பொது சுகாதார இயக்குநரகம், பள்ளி என்றால் கல்வித் துறை, அங்கன்வாடி என்றால் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் என்று தனித்தனி அனுமதி. கையெழுத்து வந்த பிறகும் கிராம சுகாதாரச் செவிலியரை ஒருமுறை நேரில் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு ஊருக்குள் போங்கள். இந்தக் கட்டத்துக்கு மட்டும் ஆறு மாதம் ஒதுக்கிக்கொண்டவர்கள் வருத்தப்பட்டதில்லை.

ஏற்கெனவே சோதிக்கப்பட்ட ஆங்கில வினாத்தாள் இருக்கிறது. தமிழில் மொழிபெயர்த்தால் போதாதா?

மொழிபெயர்த்து, வேறொருவரை விட்டுத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அதைச் செய்த பிறகும் ஊர் வேறு பாடம் சொல்லித் தரும். என் முன்னோட்ட ஆய்வில் "உங்களுக்கு நீரிழிவு நோய் இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி. திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, "அதெல்லாம் கிடையாது" என்றார். இல்லை என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டேன். இருபத்தெட்டுக் கேள்விகள் முடிந்து எழுந்தபோது, "கண்ணு, சுகர் மாத்திரை தீர்ந்து மூன்று நாளாகிறது. நீங்கள் கொடுப்பீர்களா?" என்று கேட்டார். வீட்டின் உள்ளே மாடத்தில் வெறும் அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தன.

அன்று மாலை வினாத்தாளில் நீரிழிவு 'சுகர்' ஆனது. இரத்த அழுத்தம் 'பிரஷர்' ஆனது. முன்னோட்டத்தில் அதுவரை வந்த பதில்கள் அனைத்தையும் ஒதுக்கிவைத்தோம். குறைந்தது முப்பது வீடுகளிலாவது முன்னோட்டம் பாருங்கள், அதில் பத்து வீட்டுக்காவது நீங்களே போங்கள்.

களத்துக்கே போகாமல், அரசாங்க ஆய்வுத் தரவை வைத்தே முடித்துவிடலாமா?

முடிக்கலாம், அதில் கௌரவக் குறைவும் இல்லை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் மட்டும் சுமார் 6.37 லட்சம் குடும்பங்கள். தனி ஆளாக நீங்கள் ஏழு பிறவி எடுத்தாலும் திரட்ட முடியாது. ஆனால் அந்த ஆய்வு என்ன கேட்டதோ அதற்குள்தான் நீங்கள் கேட்க முடியும். மாதிரி எடைகளை, அதாவது ஒருவரின் பதில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்களை, கையாளவும் தெரிய வேண்டும். புள்ளியியல் பயத்துக்கு இது மருந்து அன்று. பெரிய தரவில் ஒரு புதிரைக் கண்டுபிடித்து, அதன் காரணத்தைத் தேடி இரண்டு ஊர்களில் நேர்காணல் செய்கிற கலப்பு வகையைத்தான் ஆலோசனைக் குழுக்கள் விரும்புவதாக எனக்குப் படுகிறது.

கட்டுரை வெளியிட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியுமா?

2016 விதிகளில் ஒரு கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் கட்டாயமாக இருந்தன. 2022 விதிகள் அதை எடுத்துவிட்டன. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் வைத்திருக்கின்றன. கட்டாயம் இல்லாத இடத்திலும் ஒன்றாவது எழுதுங்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்கு மட்டும் வேண்டாம்.

கருத்துத் திருட்டு எத்தனை சதவீதம் வரை விடுவார்கள்?

மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒத்திருப்பது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. ஆனால் இந்தக் கேள்வியே எனக்குப் பிடிப்பதில்லை. பத்து சதவீதம் வரை திருடலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இத்தனையும் செய்து, நான் நினைத்த தொடர்பு ஆய்வில் வரவே இல்லை என்றால்?

அப்படியே எழுதுங்கள். தொடர்பு இல்லை என்பதும் முடிவுதான். வெளித் தேர்வாளர்கள் குறைந்தது இருவர். அவர்கள் பார்ப்பது கேள்வி தெளிவா, மாதிரி போதுமா, அளவை சரியா என்பதை. மாதிரி அளவுக் கேள்வியில் சொன்ன 399-உடன் நின்றவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்: தொடர்பு உண்மையிலேயே இல்லையா, ஆள் போதாமல் தெரியவில்லையா என்று கேட்டால் பதில் இருக்காது. எண்களைத் தட்டிக் கொட்டி எதையாவது வரவழைப்பதுதான் தோல்வி.

அமெரிக்காவில் செய்தால் சுலபமா?

வேறு மாதிரி. அங்கே முதல் இரண்டு ஆண்டு பெரும்பாலும் வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, அதில் தேறிய பிறகுதான் ஆய்வேடு. நம் 12 கிரெடிட்டைவிடப் பல மடங்கு பாடச்சுமை. பி.எச்.டி. தவிர, நிர்வாகத் தலைமைக்குத் தயார்செய்யும் பொது சுகாதார முனைவர் என்ற தனிப் பட்டமும் அங்கே உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள்.

முடித்தால் வேலை கிடைக்குமா?

ஆராய்ச்சி நிறுவனங்கள், மருத்துவக் கல்லூரிகளின் புள்ளியியல் மற்றும் நோய்ப்பரவலியல் பணிகள், பொது சுகாதாரப் பள்ளிகள், அரசுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள். இவற்றில் கணிசமானவை ஒப்பந்த வேலை. உதவிப் பேராசிரியர் வேலை மட்டுமே குறி என்றால், 2023 ஜூலையிலிருந்து அதற்கு நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வே போதும். ஆறு ஆண்டைச் செலவழிக்கும் முன் யோசியுங்கள்.

"உங்களுக்குப் பட்டம், எங்களுக்கு என்ன?" என்று ஊர்க்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?

கேட்பார்கள், கேட்க வேண்டும். முன்மொழிவு எழுதும்போதே இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இரத்த அழுத்தம் அளந்து 180 வந்தால் குறித்துக்கொண்டு கிளம்ப முடியாது. எந்த நிலையத்துக்கு, யாரிடம் அனுப்புவது என்று பரிந்துரைச் சீட்டு தயாராக இருக்க வேண்டும். முடிவுகளை ஒரு தாளில் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் சுகாதார நிலையத்திலும் கொடுக்க வேண்டும். அச்சுச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே போட்டுவிடுங்கள்.

மாத்திரை கேட்ட பாட்டியின் பெயரை அன்றே செவிலியரிடம் சொன்னேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் அவர் விடுபட்டிருந்தார். மறுமாதத்திலிருந்து மாத்திரை வீட்டுக்கே வந்தது. முடிவுத் தாளைக் கொடுக்கப் போனபோது அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் என் பேர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பெயரைப் போடக் கூடாது என்பதுதான் விதி என்று விளக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.